உள்ளங்கை வேர்வை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருச்சி, காலேஜ் ரெண்டாவது வருஷம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறேன். பிராக்டிஸ்ல நல்லாத்தான் போகுது. மேட்ச்னு வந்துட்டா இருபது ஷாட் தாண்டினதும் உள்ளங்கை நனைஞ்சு, க்ரிப்புக்குள்ள கை நகருது, ஸ்கோர் பத்துக்கு எட்டு ஏழுன்னு சிதற ஆரம்பிச்சிடுது. டால்கம் பவுடர் போட்டேன், குழகுழன்னு ஆயிடுச்சு. ஒரு சீனியர் ஏதோ மாத்திரை சொல்றாங்க, பாதி போட்டா பதட்டமே வராதாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அந்த துருக்கிக்காரர் பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு எவ்ளோ கூலா சுட்டார், நமக்கெல்லாம் அது வராதா? வேர்க்கிற கையோட பொறந்தவ இந்த ஸ்போர்ட்டுக்கே வந்திருக்கக் கூடாதோன்னு சில நாள் அழுகையா வருது. கையில என்னதான் தடவுறது அக்கா?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

அழாதடா. ஆனா திட்டு வாங்கிக்க.

முதல்ல அந்த மாத்திரை. அதைச் சொன்ன சீனியர் எவ்வளவு மெடல் வாங்கியிருந்தாலும் சரி, அவங்க பேச்சை இந்த விஷயத்துல காதுல வாங்காதே. பீட்டா பிளாக்கர்னு பேரு, நம்ம ஸ்போர்ட்ல மேட்ச் அன்னைக்கு மட்டும் இல்ல, மத்த நாள்லயும் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வடகொரியாவோட கிம் ஜோங் சு 50 மீட்டர் பிஸ்டல்ல வெள்ளி, 10 மீட்டர்ல வெண்கலம் வாங்கினார், டெஸ்ட்ல அந்த வகை மருந்தான புரோப்ரனலால் வந்துச்சு, ரெண்டையும் திருப்பி வாங்கிட்டாங்க. உனக்கு ஆஸ்துமா இருந்துச்சுன்னா அது உயிருக்கே ஆபத்து, அந்த சீனியர் அதைக் கேட்டாங்களா? இதுல கூத்து என்னன்னா, அது நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கிற மாத்திரை, உள்ளங்கை வேர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு வேலை செய்ற வழியே வேற. ஆக மெடலும் போயி, பேரும் போயி, கை அப்பவும் ஈரமாத்தான் இருக்கும்.

துருக்கிக்காரர் விஷயத்தை விடு. யூசுஃப் டிகெச்சுக்கு அப்போ 51 வயசு, 2008ல இருந்து ஒலிம்பிக்ஸ் போய்க்கிட்டு இருக்கறவர். பாக்கெட்ல கை வைக்கிறது ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா இருக்கற கை ஆடாம இருக்க எல்லாரும் பாக்கெட்லயோ பெல்ட்லயோ தான் சொருகுவோம், நீயும்தான் சொருகுற.

இப்ப உன் லெட்டருக்கு ஏன் உடனே பதில் எழுதறேன்னு சொல்றேன். போன வாரம் ஒரு ரேஞ்சுக்குப் போயிருந்தேன். ஒரு பையன், பதினாலு வயசு இருக்கும், கையில மொரினி பிஸ்டல், சுவிட்சர்லாந்து சரக்கு, லட்சத்துக்கு மேல ஆகும். கட்டை, அதான் கைப்பிடி க்ரிப், அவன் கைக்குள்ள லொடலொடன்னு ஆடுது. கொஞ்சம் தேய்ச்சு, கொஞ்சம் புட்டி வெச்சு சரி பண்ணலாமேன்னு சொன்னேன். அவங்கப்பா பதறிட்டார், "மேடம், அது ஒரிஜினல் வால்நட் மரம், ரீசேல் வேல்யூ போயிடும்". அன்னைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கல, அதுக்குள்ள உன் லெட்டர் வந்துடுச்சு. பாரு, நீயும் தடவுறது பத்தி இவ்ளோ எழுதியிருக்க, பிஸ்டல் உன்னுதா கிளப்போடதா, கட்டை என்ன சைஸ், உள்ளங்கை அடியில தாங்குற பலகை, பாம் ஷெல்ஃப், எங்க நிக்குது, ஒரு வார்த்தை இல்ல!

உன் கை நகர்றதுக்கு வேர்வை பாதிதான் காரணம், மீதி அந்தக் கட்டை. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவுல எங்க காலி இடம் இருக்கோ அங்க பிஸ்டல் நிக்காது, நிக்காததை நிக்க வைக்க நீ இறுக்குவ, இறுக்கினா முன்னங்கை சதை சோர்ந்து போகும், நடுங்கும், பயம் வரும், இன்னும் வேர்க்கும், இன்னும் இறுக்குவ. அது சரியா இருபதாவது ஷாட்ல தான் தெரிய வரும். ட்ரிகரை இழுக்க 500 கிராம் விசை தான், அதை அழுத்தற நேரத்துல மத்த விரலும் சேர்ந்து இறுகிச்சுன்னா, வலது கைக்காரிக்கு ஷாட் கீழ இடது பக்கமா போகும். உன் ஏழெல்லாம் அங்கதான் விழுதான்னு போய் டார்கெட்டைப் பாரு. குழல் முனையில இருக்கற குறி, ஃபிரண்ட் சைட், ஒரு மில்லிமீட்டர் விலகினா பத்து மீட்டர்ல ஷாட் ஏறக்குறைய மூணு சென்டிமீட்டர் தள்ளிப் போகும், டார்கெட் நடுவுல இருக்கற பத்து ரிங்கோட மொத்த அகலமே 11.5 மில்லிமீட்டர் தானே.

அப்புறம், கை முழுசா வறண்டு இருக்கணும்னு யார் சொன்னா? நோட்டு எண்ணுறவங்க விரலை நனைச்சுக்கறாங்கல்ல, அது மாதிரி லேசா ஈரம் இருக்கற தோலு வறண்ட தோலை விட நல்லாவே பிடிக்கும். சொதசொதன்னு ஆனாத்தான் வழுக்கும்.

எங்க கிளப்ல ஒரு சுபேதார் சார் இருந்தார், ஆர்மி ரிட்டயர்டு. தொண்டையைத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும், ஆனா கட்டையில கை வெச்சா அவ்ளோ நிதானம். நான் சேர்ந்த புதுசுல மாசக்கணக்குல பெல்லட்டே, அதான் குண்டே, கண்ணுல காட்டல. நீலக் கலர் சாக்பீஸைப் பொடி பண்ணி என் உள்ளங்கையில பூசி, பிஸ்டலைப் பிடிக்கச் சொல்லி, மெதுவா விடச் சொல்லுவார். எங்க நீலம் அப்பியிருக்கோ அங்க அரம், அப்புறம் உப்புத்தாள். எங்க நீலமே ஒட்டலையோ அங்க எம்-சீல், அது இறுகறதுக்குள்ள திரும்பப் பிடிக்கச் சொல்லி என் கை அச்சையே எடுத்துடுவார். அங்க இருந்த கட்டை அத்தனையும் ஆம்பளைங்க கைக்குச் செஞ்சது, என் விரல் நுனி ட்ரிகர்ல பட்டும் படாமலும் நிக்கும், அதனால பின்பக்கம் கட்டை விரல் சந்து வர்ற இடத்துல சுரண்டி சுரண்டி எடுத்தார். கமிட்டி ஆள் ஒருத்தர் வந்து கல்யாணம் ஆனா போயிடப் போற பொண்ணுக்கு எதுக்கு சார் தனிக் கட்டைன்னு கேட்டார். சுபேதார் சார் தலையே தூக்கல, "கை இருக்குல்ல"ன்னாரு, தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு.

முடிச்சுட்டு ஒரு டெஸ்ட் வைப்பார். கண்ணை மூடு, பிஸ்டலைத் தூக்கு, இப்ப திற. பின்னாடி இருக்கற குறி, ரியர் சைட், அதோட பள்ளத்துக்கு நடுவுல ஃபிரண்ட் சைட் தானா வந்து நிக்கணும், மணிக்கட்டைத் திருப்பி சரி பண்ணக் கூடாது. ஒரு பக்கம் சாஞ்சா கட்டையில வேலை பாக்கின்னு அர்த்தம், மறுபடி சாக்பீஸ். அதுக்கப்புறம் தான் பிடிக்கிற பாடம், நடுவிரலும் மோதிர விரலும் நேரா பின்னாடி இழுக்கும், கட்டை விரலும் சுண்டு விரலும் சும்மா கூட வரும், ட்ரிகர் விரலுக்கு இவங்க யாரோடயும் சம்பந்தம் கிடையாது. என் கையும் ஓடுற அளவுக்கு வேர்க்கும், அப்பவும் வேர்க்கும் இப்பவும் வேர்க்கும், ஆனா அந்தக் கட்டைக்குள்ள அது நகர்ந்ததே இல்ல.

நீ செய்றதா இருந்தா ஒரே ஒரு எச்சரிக்கை, எம்-சீலை அப்பி அப்பி அகலமாக்கிடாதே, பிஸ்டல் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள்ள போகணும், எடை 1500 கிராம் தாண்டக் கூடாது, மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி கட்டை நீளக் கூடாது. கிளப் பிஸ்டலா இருந்தா அரத்தை எடுத்துட்டுப் போயிடாதே. அதே மாடலோட பழைய கட்டை ஒண்ணு ஓரமா கிடக்கும், கேட்டு வாங்கி உனக்குன்னு செஞ்சுக்க, ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டிக்கலாம். வார்னிஷ் மட்டும் அடிக்காதே, கொத்தி விட்ட வெறும் மரம் தான் ஈரத்தை இழுக்கும்.

சரி, தடவுறதுக்கு வர்றேன், கேட்டுட்டியே. டால்கத்தை விட்டுடு. ஜிம்னாஸ்டிக்ஸ்காரங்க போடுற மக்னீசியம் கார்பனேட் சாக் கொஞ்சம் போடலாம், உதறிட்டுப் பிடி, ட்ரிகர் பக்கம் தூள் போகாமப் பாத்துக்க. பிசுபிசுன்னு ஒட்டற பிசின் வேண்டாம், ஒரு தடவை தப்பா பிடிச்சா அங்கயே ஒட்டிக்கும். நிஜமாவே சொட்டுற அளவு வேர்வைன்னா தோல் டாக்டரைப் பாரு, ராத்திரி தடவுற அலுமினியம் குளோரைடு மருந்து இருக்கு. ஆபரேஷன்னு யாராவது சொன்னா, கை காஞ்சு முதுகு ஊத்த ஆரம்பிக்கிற கேஸ் நிறைய உண்டு, இதுக்காக அங்க போகாதே.

இன்னொண்ணு, நீ உள்ளங்கை வேர்வைன்னு நினைக்கறதுல பாதி மேல இருந்து வர்றது. திருச்சி வெயில்ல முன்னங்கையில வேர்க்கும், கையைக் கீழ இறக்கினதும் மணிக்கட்டு வழியா கட்டைக்குள்ள இறங்கும். சுடுற கையில ரிஸ்ட் பேண்ட் போட ரூல் விடாது, அதனால பருத்தித் துண்டு ஒண்ணு டேபிள்ல வெச்சுக்க, முழங்கையில இருந்து துடை. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் இருக்கு, அவசரமே இல்ல. மேட்ச் முடிஞ்சதும் பிஸ்டலோட இரும்பையும் துடைச்சு வை, உப்பு அரிச்சிடும்.

கட்டையை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, பிடிச்ச மாதிரி ஒண்ணு, பிடிக்காம ஒண்ணு. அடுத்த மேட்ச் பக்கத்துல இருந்துச்சுன்னா அது முடியற வரைக்கும் அரம் பக்கமே போகாதே.

அன்புடன்,
அக்கா