கயிறு இல்லாத வட்டம்

கேள்வி: வட்ட இயக்கம் என்றால் கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றிக் காட்டுகிறார்கள். மையநாட்ட விசை (மையத்தை நோக்கிய இழுப்பு), ஆர்முடுகல் (முடுக்கம்) என்று நாங்களும் மனப்பாடம் செய்கிறோம். நாளைக்கு வயலில் இறங்கப்போகிற வன்னிப் பிள்ளைக்கு இதனால் என்ன பயன்?
– உயர்தர மாணவன், ஒட்டுசுட்டான்

பதில்: பயன் இருக்கட்டும். வயலுக்கு எப்படிப் போவீர்கள், தவழ்ந்தா? வரம்பில் நடக்கும்போது ஊன்றிய காலைக் கவனியுங்கள். பாதம் அசையாமல் நிற்க, இடுப்பு பின்னாலிருந்து எழும்பி, பாதத்துக்கு நேர்மேலே வந்து, முன்பக்கம் இறங்குகிறது. அது ஒரு வட்டவில். பாதம் மையம், கால் ஆரை.

கல்லுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சுவை. கயிறு இழுக்கும், தள்ளாது. கால் தள்ளும், உடலைக் கீழே இழுக்காது. பாதத்தை நிலத்தில் ஆணியடித்து வைக்கவில்லையே. (சேறு காலைப் பிடித்து இழுக்கும்தான். ஆனால் சேற்றில் யார் விரைந்து நடக்கிறார்கள்?) ஆகவே உடலை அந்த வில்லில் வைத்திருக்கும் வேலை புவியீர்ப்பின் தலையில் விழுகிறது. வேகத்தின் வர்க்கத்தைக் கால்நீளத்தால் வகுத்துப் பாருங்கள்; வில்லில் நிற்க மையத்தை நோக்கித் தேவைப்படும் ஆர்முடுகல் அதுதான். விடை, புவியீர்ப்பு தரக்கூடிய 9.8ஐத் தாண்டினால் பாதம் நிலத்தை விட்டுக் கிளம்பிவிடும்.

கால் 0.9 மீற்றர் என்றால் எல்லை செக்கனுக்கு 3 மீற்றர். உண்மையில் 2 மீற்றரை நெருங்கும்போதே நாம் ஓட்டத்துக்கு மாறிவிடுகிறோம். அதற்குமேல் நடப்பதைவிட ஓடுவது உடலுக்கு இலகு. சாதாரண நடை 1.4 மீற்றர். அதிலும்கூட, இடுப்பு உச்சிக்கு வரும் கணத்தில் 60 கிலோ ஆள் நிலத்தை ஏறக்குறைய 47 கிலோ அளவுக்குத்தான் அழுத்துகிறார். மீதி வட்டத்துக்குச் செலவாகிவிட்டது!

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். தாய் நடக்கிறார், பிள்ளை ஓடுகிறது. "ஒழுங்காக நட" என்று அதட்டலும் விழுகிறது. பிள்ளையின் கால் 0.4 மீற்றர், அந்தக் காலுக்கு நடை ஓட்டமாக மாறும் இடம் ஏறக்குறைய அதே 1.4 மீற்றர்தான். பிள்ளையில் குற்றமில்லை, சூத்திரம் அப்படி.

நடைப்போட்டிக்காரர்கள் 20 கிலோமீற்றரை 80 நிமிடத்துக்குள் முடிப்பது எப்படி என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். அவர்கள் இடுப்பை ஒடித்து ஒடித்து வில்லைத் தட்டையாக்கிக்கொள்கிறார்கள். நிலாவுக்கான எல்லையை நீங்களே போட்டுப் பாருங்கள்: அங்கே 9.8க்குப் பதில் 1.6. 1969இல் அங்கு இறங்கியவர்கள் ஏன் துள்ளித் துள்ளிப் போனார்கள் என்பதற்கு விடை அதிலேயே இருக்கிறது.