பேஸ்பாலில் போட்டி அணி சரிந்தால் ரசிகர்கள் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் டிவிஷனில், அதாவது சில அணிகள் கொண்ட பிரிவில், முதலிடம் பிடித்தால் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டச் சுற்றுகள்) இடம் உறுதி. நம் அணிக்கு அன்று ஆட்டமே இல்லாவிட்டாலும், முன்னால் இருக்கும் அணி தோற்றால் இடைவெளி அரை ஆட்டம் குறையும் (நம் வெற்றியும் அவர்கள் தோல்வியும் சேர்ந்தால்தான் முழு ஆட்டம்). அதனால் ரசிகர்கள் தினமும் இரண்டு ஸ்கோர்களைப் பார்க்கிறார்கள்.

2007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் அணியான மெட்ஸுக்கு சீசனில் மிச்சம் 17 ஆட்டங்கள்தான். அதே டிவிஷனில் இருந்த பிலடெல்பியா அணியான பில்லீஸைவிட 7 ஆட்டங்கள் முன்னிலை. அந்தப் பதினேழில் பன்னிரண்டைத் தோற்றார்கள். கடைசி நாளில் மெட்ஸின் பந்துவீச்சாளர் டாம் கிளாவின் முதல் இன்னிங்ஸிலேயே 7 ரன் கொடுத்துவிட்டார். அப்புறம் பில்லீஸ் வாஷிங்டன் அணியை 6-1 என வென்று டிவிஷனைக் கைப்பற்றியது. 1993-க்குப் பிறகு பிளேஆஃபையே பார்க்காத பிலடெல்பியா அது! அந்தச் சந்தோஷத்தை வன்மம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.