கூன் விழுந்த தோளை பிசியோதெரபி நிமிர்த்துமா?

லேப்டாப் வேலையில் கழுத்து முன்னால் நீண்டு, தோள் கூனிவிட்டது, பிசியோதெரபியில் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பே வளைந்திராவிட்டால் பெரும்பாலும் நன்றாகத் தேறும்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் பக்கவாட்டில் நின்று உங்களைப் பார்ப்பார். காதுமடல், தோள்மூட்டு, இடுப்புமூட்டு மூன்றும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். அப்புறம் எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது பலமிழந்திருக்கிறது என்று தொட்டும் அசைத்தும் சோதிப்பார். இந்த மாதிரிக் கூனலில் வழக்கமாக மார்பும் பிடரியும் இறுகியிருக்கும். கழுத்தின் முன்பக்க உள்தசைகளும் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளவையும் தளர்ந்திருக்கும். பயிற்சியும் அதற்கேற்பத்தான்.

சுவரில் முதுகு சாய்த்து நின்று, முகத்தை மேலே தூக்காமல் மோவாயை நேர் பின்னால் இழுங்கள். இரட்டைத் தாடை தெரியும், தெரியட்டும். 5 விநாடி நிறுத்தி, 10 முறை. கதவுநிலையில் இரு முன்கைகளையும் ஊன்றி ஓரடி முன்வைத்து 30 விநாடி நின்றால் மார்புத் தசை இளகும்.

கடையில் விற்கும் கூன் பெல்ட்டை நான் சொல்லமாட்டேன். அது நிமிரச் சொல்லி ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். தசைக்குப் பலம் தராது. அந்தக் காசில் தனிக் கீபோர்டு வாங்கி, லேப்டாப்பைக் கண்மட்டத்துக்கு ஏற்றி வையுங்கள்.

கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.