முதலில் நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 46. பல வருஷமாக 125 சிசி வண்டிதான் ஓட்டுகிறேன். பையன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். இனி நானும் மனைவியும் வண்டியிலேயே வால்பாறை, சிக்மகளூர், முடிந்தால் கோவா வரை போய்வர ஆசை. என் உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 70 கிலோ. மனைவி 62 கிலோ, அவருக்கு லேசான இடுப்பு வலி உண்டு. ஹெல்மெட், பை எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் வரை செலவு செய்யலாம். 350 சிசி போதுமா, அதற்கு மேல் வேண்டுமா? எந்த வண்டி வாங்கலாம்?"

மனைவியின் இடுப்பு வலியைக் குறிப்பிட்டு எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கேள்விகளில் மைலேஜ் இருக்கும், விலை இருக்கும், ரீசேல் இருக்கும். பின்னால் உட்காரப்போகிறவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. இருவர் போகும் நெடும்பயணத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவரை வைத்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஓட்டுகிற நமக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளலாம். முன்னால் பள்ளம் வருவது தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. நம் முதுகுதான் அவர் பார்க்கும் காட்சி. பள்ளம் வந்தது, அது இடுப்பில் இறங்கிய பிறகுதான் தெரியும். அவர் உட்கார்ந்திருப்பதும் பின்சக்கரத்துக்கு அருகில், தூக்கிப்போடுவது அதிகமாக இருக்கும் இடத்தில்.

நானும் மனைவியும் முதன்முதலில் வால்பாறைக்குப் போனது ஒரு ஸ்போர்ட்ஸ் வகை வண்டியில். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. பின்சீட்டோ கையகலம்தான், என் சீட்டைவிட நல்ல உயரம், முன்பக்கம் சரிந்திருக்கும். ஆழியாறு தாண்டி ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இறங்கும்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் பிரேக் பிடிக்க, அவர் என் முதுகின்மேல் சரிவார், அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டக்கென்று முட்டும். பிறகு என் இரு பக்கமும் கையை நீட்டி டேங்கில் ஊன்றி, தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு நாற்பது வளைவும் இறங்கினார். கீழே வந்து டீக்கடையில் நிறுத்தியபோது அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு அப்படி நடுங்கியது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த வண்டியை அந்த வருஷமே விற்றேன்.

அதனால் ஷோரூமுக்குப் போனதும் முதல் வேலை, வண்டியைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஓட்டச்சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும். அடுத்து மனைவியை உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். சீட் தட்டையாக இருக்கிறதா, சரிகிறதா? தொடை முழுக்க சீட்டில் படிகிறதா, விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்துகிறதா? ஃபுட்ரெஸ்டில் கால் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நாற்காலியில் உட்காருவதுபோல மடிய வேண்டும். குத்தவைத்து உட்காருவதுபோல மடிந்தால் ஐம்பது கிலோமீட்டரில் கால் மரத்துப்போகும், முழு எடையும் இடுப்புக்கு வந்துவிடும். அப்புறம் கைப்பிடி. இரு பக்கமும் இருக்கிறதா, கை இயல்பாகப் போகும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, சேலைக் கம்பி என்கிறோமே, அது இருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், இந்தத் தடுப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123ன்படி கட்டாயம். அழகாக இல்லை என்று கம்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று எந்த அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி எடைக் கணக்கு. நீங்கள் இருவரும் 132 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் எட்டு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான துணி, மழைக் கோட்டு, பஞ்சர் கிட், தண்ணீர் என்று இருபது கிலோ. ஆக 160. வண்டியின் கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் அது எவ்வளவு சுமக்கும் என்று தெரியும். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார், நீங்கள் கேளுங்கள். அந்த எண் 160ஐ ஒட்டி நின்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். பத்து இருபது கிலோவாவது மிச்சம் இருக்க வேண்டும்.

சிசிக்கு வருவோம். 2018ல் மத்திய அரசு அறிவித்த உச்சவேக வரம்பின்படி நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில்கூட இருசக்கர வண்டிக்கு 80 கிலோமீட்டர்தான். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்டில் இருந்து இருசக்கர வண்டிக்கு அனுமதியே இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். ஆக 120, 130ல் பறக்கும் வண்டிக்கு உங்கள் பயணத்தில் வேலை இல்லை. 160 கிலோவைச் சுமந்துகொண்டு மலையேறும்போது திணறாத இழுவைதான் தேவை. 350 சிசி வண்டிகள் ஏறக்குறைய 20 குதிரைத்திறன் தருகின்றன. குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, நன்றாக இழுக்கும். உங்களுக்கு அது போதும். ஒரே குறை, இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது 350ல் கொஞ்சம் பொறுமை வேண்டும், 400ல் அந்தப் பொறுமை தேவைப்படாது. வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். உங்கள் பட்ஜெட்டில் அந்த வித்தியாசத்தை நல்ல ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் போடலாம்.

சரி, வண்டிகள். ஹோண்டா ஹைனெஸ் சிபி350ஐ உங்களுக்கு முதலில் சொல்வேன். எடை 181 கிலோ, இந்த வகையில் குறைவு. 15 லிட்டர் டேங்க். 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது இழுக்கும் பலம், 3,000 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும். சீட் உயரம் 800 மில்லிமீட்டர். கியர் கொஞ்சம் நீளமானது, அதாவது ஒவ்வொரு கியரும் இழுவையைவிட வேகத்துக்கு ஏற்ப அமைந்தது, அதனால் கொண்டை ஊசியில் இரண்டாவது கியருக்கு, சில இடத்தில் முதல் கியருக்கே இறங்க வேண்டிவரும். இது ஹோண்டாவின் பெரிய வண்டிகளுக்கான பிக்விங் ஷோரூம்களில் விற்கும் வண்டி, அவை எல்லா ஊரிலும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் சர்வீஸ் எங்கே என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350ன் பெரிய பலம் 765 மில்லிமீட்டர் சீட் உயரம். உங்கள் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படியும். பின்னால் ஒருவர் ஏறும்போது வண்டி இடப்பக்கம் சாயப் பார்க்கும். நுனிக்கால் மட்டும் எட்டுகிறவர்கள் அந்த ஒரு நொடியில்தான் வண்டியைக் கீழே போடுகிறார்கள். மனைவிக்கு முதுகுச் சாய்மானம் பொருத்திக்கொள்ளலாம், இடுப்பு வலிக்கு அது பெரிய உதவி. 15 லிட்டர் டேங்க், 191 கிலோ. ஆனால் உங்கள் கால் முன்னால் நீட்டியபடி இருப்பதால் பள்ளத்தில் எழுந்து நின்று அடியை வாங்க முடியாது, அது நேராக உங்கள் முதுகெலும்புக்குப் போகும். அதே கம்பெனியின் கிளாசிக் 350 பார்க்க மனசை அள்ளும். டேங்க் 13 லிட்டர்தான், பின்சீட்டும் சில மாடல்களில் சின்னது. இரண்டு பேருக்கு நான் மீட்டியரைத்தான் சொல்வேன்.

பஜாஜ் டாமினார் 400 சக்தி வேண்டுபவர்களுக்கு நல்ல வண்டி. 40 பி.எஸ்., அதாவது ஏறக்குறைய 40 குதிரைத்திறன், எடை 193 கிலோ. பின் சாய்மானம், லக்கேஜ் கேரியர், உயரமான காற்றுத் தடுப்பு எல்லாம் கம்பெனியே பொருத்தித் தந்திருக்கிறது. மனைவிக்குப் பின்சீட் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 அருமையான பயண வண்டிதான், மோசமான சாலையில் பின்னால் இருப்பவரை அது போலத் தாங்கும் வண்டி இந்த வகையில் குறைவு. ஆனால் சீட் 825 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, உங்கள் உயரத்துக்கு ஆளோடும் சுமையோடும் நிறுத்துவது சிரமம். மூன்று லட்சத்துக்குள்ளும் அடங்காது. லடாக் போகும் ஆசை வந்தால் அப்போது யோசிக்கலாம்.

எந்த வண்டி எடுத்தாலும் இருவர் போவதற்கு அதைத் தயார் செய்ய வேண்டும். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதே இல்லை. பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்ப வளைந்த கொக்கி போன்ற ஒரு ஸ்பேனர் வண்டியோடு வரும் டூல் கிட்டில் இருக்கும். கொக்கியை வளையத்தின் வெட்டில் மாட்டித் தள்ளினால் 'டக்' என்று ஒரு படி ஏறும், ஸ்பிரிங் ஒரு படி இறுகும். தனியாகப் போக இரண்டாவது படி என்றால், ஆளும் சுமையுமாகப் போக நான்கு, ஐந்து. பின்னால் இரண்டு ஷாக் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஷாக் அடிவரை போய் இடிக்கும். அந்த இடிதான் உங்கள் மனைவியின் இடுப்புக்கு எதிரி. பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட்டும் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். டயர் காற்றுக்கும் இருவருக்கான அளவு கையேட்டில் தனியாக இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பார்த்து நிரப்புங்கள்.

சுமையைக் கட்டும் விதமும் அப்படித்தான். கனமான பொருளை மனைவிக்குப் பின்னால் கேரியரில் அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஹேண்டில் ஆடும். கனமானவை இரு பக்கப் பையில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. வலப்பக்கப் பை சைலன்சரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு மழைக் கோட்டை அப்படி உருக்கியிருக்கிறேன். கேரியரில் துணி, போர்வை போன்ற லேசானவை போதும். ஹெல்மெட் இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, ஒரே தரத்தில். ஓட்டுபவருக்கு ஐயாயிரம், பின்னால் இருப்பவருக்கு எண்ணூறு என்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். இடுப்பு வலி பழையது என்றால் புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கட்டும் முன் இன்னொன்று. ஷோரூம் டெஸ்ட் ரைடு இரண்டு கிலோமீட்டரில் முடிந்துவிடும், அதில் இடுப்பு எதையும் சொல்லாது. நீங்கள் நினைத்த மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையான வாடகை வண்டி. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிறுமலை இருக்கிறது, பதினெட்டுக் கொண்டை ஊசி. இருவருமாக, இருபது கிலோ சுமையும் கட்டிக்கொண்டு ஏறி, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்குங்கள். இறங்கும்போது அவர் உங்கள் முதுகில் சரிகிறாரா என்று கவனியுங்கள். அன்று மாலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். மறுநாள் காலை, எழுந்து நாலடி நடந்த பிறகு கேளுங்கள்.