பவுல் ஃபீடர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பவுல் ஃபீடர் என்பது, கொட்டிய சிறு பாகங்களை அதிர்வால் உட்சுவரின் சுற்றுப்பாதையில் ஏற்றி, ஒரே நிலையில் வரிசையாக வெளியே தரும் கிண்ண வடிவக் கருவி.)

கண்ட்ரோலரை முழு அளவுக்குத் திருப்பியும் திருகுகள் பாதையில் ஏறாமல் ஒரே இடத்தில் துள்ளுகின்றன. காயிலை (பவுலை இழுத்து அதிரவைக்கும் மின்காந்தச் சுருளை) மாற்ற வேண்டுமா? (கப்பலூர்)

திருகுகள் துள்ளுகின்றன என்றால் காயில் இழுக்கிறது என்றே பொருள். எனவே அதற்குச் செலவு செய்யும் முன் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். பவுலைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்குகள் சாய்வாக இருப்பதால், காயில் இழுத்து விடும் ஒவ்வொரு முறையும் பவுல் மேலெழுவதோடு சற்றுத் திரும்பவும் செய்து, பாகத்தை முன்னோக்கி எறிகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், முழு அலையில் (மின் அலையின் இரு பாதிகளிலும்) ஓடும் காயில் நொடிக்கு 100 முறையும் அரை அலையில் (ஒரு பாதியில் மட்டும்) ஓடுவது 50 முறையும் இழுக்கும். பவுலும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) அந்த எண்ணை ஒட்டி இல்லாவிட்டால், எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் வேகம் வராது. தகட்டில் விரிசல், போல்ட் தளர்வு, பவுலில் புதிதாக வெல்டிங் செய்து கூடிய எடை ஆகிய மூன்றுமே இதைக் கெடுக்கும். பவுலின் ஒரு பக்கத்தில் மட்டும் பாகங்கள் தயங்கி நின்றால் விரிசலைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

போல்ட்டுகளை எல்லாம் இறுக்கிய பின், ஃபீடர் குறைந்த அளவில் ஓடும்போது ஒரு ஸ்பிரிங் கட்டின் போல்ட்டை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். வேகம் கூடினால் விறைப்பு அதிகம் என்பதால் ஒரு தகட்டைக் கழற்றலாம். உடனே குறைந்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஃபீடரை ஆட்டம் காணும் மேசையில் வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

சத்தத்தைக் குறைப்பது எப்படி? (திருமங்கலம்)

பவுலுக்குள் பாலியூரித்தேன் பூச்சும் மேலே ஒரு மூடியும் போதும்.

ரப்பர் வாஷர்கள் நகர மறுக்கின்றன. (கே.புதூர்)

ரப்பர் தொழில் வேரூன்றிய மதுரையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. ரப்பர் எறிவிசையைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், அரை அலைக்கு மாற்றி, அதாவது நொடிக்கான அதிர்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றின் வீச்சைக் கூட்டி, ஓட்டுவது பெரும்பாலும் பயன் தரும். ஆனால் ஸ்பிரிங்குகளையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். வழவழப்பான பவுலைவிடச் சொரசொரப்பானதில் ரப்பர் ஒட்டுவது குறைவு. வார்ப்புப் பிசிறு நீங்காத வாஷர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் என்பதால், அதைப் பவுலுக்கு வரும் முன்பே சரிசெய்யுங்கள்.

பூட்டுக்கான ரிவெட்டையும் நெம்புத் தகட்டையும் (சாவி உள்ளே தூக்கும் லீவர்) நிமிடத்துக்கு 40 வீதம் தர முடியுமா? (திண்டுக்கல்)

ரிவெட் எளிது: பாதையில் ஒரு பிளவு இருந்தால் தண்டு உள்ளே இறங்கித் தலை மேலே தொங்கிக்கொள்ளும். தகடு அப்படியல்ல. அது 25 மி.மீ. நீளம் என்றும், நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் இடைவெளியின்றி வருகிறது என்றும் கொண்டால், நிமிடத்துக்கு 120 வரும். இரு முகம், இரு முனை என நான்கு நிலைகளில் ஒன்றை மட்டும் ஏற்று மற்றவற்றைப் பவுலுக்குள் தள்ளினால், ஏறக்குறைய 30 தான் மிஞ்சும். தகட்டின் இரு முகங்களும் ஒன்றுபோல் இருக்குமாறு வடிவத்தை மாற்ற முடிந்தால் அது 60 ஆகிவிடும். பெரிய பவுல் வாங்குவதைவிட இதுவே மலிவு. பல ரகப் பூட்டுகளைச் சில நூறுகளாகச் செய்பவராக இருந்தால் பவுலே வேண்டாம் என்பேன். ஏனெனில் ஒரு பாகத்துக்கென்று செதுக்கிய பாதை அடுத்ததற்கு உதவாது.