தூக்க மாத்திரை இல்லாத சிகிச்சையைப் பொது மருத்துவர் கற்றுக்கொள்ள முடியுமா?

"நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல் சிகிச்சை தர எம்.பி.பி.எஸ். படித்தவர் கற்றுக்கொள்ள முடியுமா? அது மனநல மருத்துவர் வேலை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நீங்களும் சின்ன ஊரில் கிளினிக் வைத்திருப்பவர் என்றே நினைக்கிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் தூக்கம் வராதவர் முதலில் வந்து உட்காருவது என்னைப் போன்ற பொது மருத்துவர் முன்னால்தான். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்டது. அதற்கு முதல் சிகிச்சை சி.பி.டி.-ஐ, அதாவது தூக்கம் பற்றிய பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் மாத்திரை இல்லாத சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.பி. 2016-லேயே சொல்லிவிட்டது. கல்லூரியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆன்லைனில்தான் படித்தேன்.

பாடம் சுலபம். கடினம் எங்கே என்றால், நோயாளி இரண்டாம் வாரம் கோபத்தோடு வரும்போது நாம் அசையாமல் இருப்பதில்.

கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பல வருடமாக அல்பிரசோலம் என்ற மாத்திரை போட்டுத்தான் தூக்கம். இரவு எட்டு மணிக்கே படுத்து, காலை ஆறு மணிவரை படுக்கையில். பத்து மணி நேரத்தில் தூக்கம் என்னவோ ஐந்து மணி நேரம்தான். எப்போது படுத்தோம், எவ்வளவு தூங்கினோம் என்று தினமும் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன். பழைய பேரேட்டில் வரவு செலவு போலக் கோடு போட்டு எழுதிவந்தார். அப்படியொரு சுத்தமான குறிப்பை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

படுக்கையில் இருக்கும் நேரத்தை அவர் தூங்கும் நேரத்துக்கு ஒட்டிச் சுருக்குவதுதான் முறை. பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, ஐந்துக்கு எழ வேண்டும், பகலில் பட்டாலையில் (வீட்டுத் திண்ணை மேடையில்) சாயக் கூடாது என்றேன். தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுங்கள் என்றேன். (அந்த வீடுகளின் வாசற்படி உயரமானது, இருட்டில் தடுக்கி விழாமல் இருக்க வழியெல்லாம் சின்ன விளக்கு போடச் சொன்னேன்.) "தூக்கம் வரலைன்னு வந்தா தூங்காதேங்கிறீகளே தம்பி!" என்றார். இரண்டாம் வாரம் வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டு, "ஒரு மாத்திரை எழுத என்ன கஷ்டம்?" என்று சத்தம் போட்டார். அன்று எனக்கு இந்தச் சிகிச்சையைச் சொல்லித் தந்த பயிற்சியாளரிடம் பேசியிருக்காவிட்டால் எழுதிக் கொடுத்திருப்பேன். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்கியபின் படுக்கை நேரத்தைக் கால் கால் மணி நேரமாகக் கூட்டினோம். மாத்திரையை மாதக் கணக்கில் மெல்லக் குறைத்து நிறுத்தினோம். இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறார்.

அந்த மகனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வருடத்தில் ஒருமுறை வந்து பழைய வீட்டின் தூணையும் கதவையும் அளந்து, விற்க விலை பேசுகிற பிள்ளைகள், தாய் ராத்திரி யாரோடு பேசுகிறாள் என்று ஒருநாள் கேட்டிருப்பார்களா? இந்த ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான்.

மனநல மருத்துவர்கள் கோபப்பட வேண்டாம். மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருமுனைக் கோளாறு (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்), வலிப்பு, இரவில் லாரி ஓட்டுபவர் என்றால் இப்படிப் படுக்கை நேரத்தைச் சுருக்குவது ஆபத்து, நிபுணரிடம் அனுப்பிவிடுகிறேன். குறட்டையோடு மூச்சுத் திணறினால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் யாரும் மாத்திரையைத் தாங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறை இந்தச் சிகிச்சைக்கு மனநலப் பணியாளர்களைத் தயார் செய்த விதம் எனக்குப் பிடிக்கும். மூன்று நாள் பயிலரங்கு, அதற்கப்புறம் நான்கு மாதம் வாராவாரம் தொலைபேசியில் கேஸ் விவாதம். ஆகவே சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பும் வகுப்பில் பணம் கட்டாதீர்கள். உங்கள் கேஸை உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். முதல் நோயாளியாக, மாத்திரை தொடங்காத, வேறு பெரிய நோய் இல்லாத ஒருவரை எடுங்கள்.