டிஸ்க்கை உள்ளே இழுக்கும் மெஷின்: 70 ஆயிரம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு மாதமாக இடுப்பில் தொடங்கும் வலி, இடது காலின் வெளிப்பக்கமாக இறங்கிக் கட்டைவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. 'ஆபரேஷனே வேண்டாம், மெஷினால் டிஸ்க்கை உள்ளே இழுத்துவிடலாம். ஸ்பைனல் டிகம்ப்ரெஷன், 20 சிட்டிங், 70 ஆயிரம் ரூபாய்' என்கிறார்கள் ஒரு கிளினிக்கில். ஓவர்லாக் தைக்கும் என் மனைவிக்கும் கழுத்து வலி வலது கைக்கு இறங்குகிறது. இருவரும் சேர்ந்தால் சலுகை உண்டாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். இந்தச் சிகிச்சைக்காக நகையை அடகு வைக்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டி உங்களைப் படுக்க வைப்பார்கள். படுக்கையின் கீழ்ப்பாதி மெதுவாக நகர்ந்து இடுப்பை இழுக்கும், சில நொடிகள் நிறுத்தும், பிறகு தளர்த்தும். அரை மணி நேரம் இது திரும்பத் திரும்ப நடக்கும். பிசியோதெரபி பிரிவுகளில் பல ஆண்டுகளாக இருக்கும் இழுப்பு சிகிச்சையான டிராக்‌ஷனின் கம்ப்யூட்டர் வடிவம்தான் இது. விசையைக் கூட்டிக் குறைப்பதில் நுணுக்கம் அதிகம், அடிப்படை ஒன்றே. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள மோட்டார் டிராக்‌ஷன் கருவிகளுக்கு நிகரானது என்ற வகையில்தான் அங்கே இவற்றை விற்க அனுமதித்திருக்கிறார்கள். டிஸ்க் நோயைக் குணப்படுத்தும் என்று யாரும் சான்று தரவில்லை.

இழுக்கும்போது டிஸ்க்குக்குள் அழுத்தம் குறைவது உண்மைதான். 1994இல் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் ஊசி செலுத்தி அளந்து பார்த்தார்கள். அதை வைத்துத்தான் 'வெற்றிடம் உண்டாகி டிஸ்க் உள்ளே உறிஞ்சப்படும்' என்ற பேச்சு கிளம்பியது. ஆனால், இழுப்பு நின்று நீங்கள் எழுந்து நின்றதுமே உடல் எடை மீண்டும் டிஸ்க்கின் மேல் இறங்கிவிடும். அழுத்தம் சற்று நேரம் குறைவது வேறு, பிதுங்கியது நிரந்தரமாக உள்ளே போவது வேறு.

நெதர்லாந்தில் 60 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட நவீன மெஷினில் உண்மையான இழுப்பு, மீதிப் பேருக்கு அதே மெஷினில் பெயரளவுக்கு ஓர் இழுப்பு. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரு தரப்புக்கும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு! 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு டிராக்‌ஷன் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கால் வலி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை. இடுப்பு வலிக்கு டிராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வழிகாட்டியது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் தற்காலிக நிவாரணம் தெரிந்திருக்கிறது. அதற்காகக் கடன்படலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

'அங்கே போய் எனக்குச் சரியாயிற்றே' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 20 சிட்டிங் முடிய ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரத்தில் டிஸ்க் வலி பெரும்பாலும் தானாகவே தணியத் தொடங்கியிருக்கும். பாராட்டு மெஷினுக்குப் போய்விடுகிறது.

பிதுங்கிய டிஸ்க் சுருங்கும் என்பதைப் பலரும் நம்புவதில்லை. வெளியே வந்த பகுதியை அந்நியப் பொருளாகக் கருதி நம் உடலின் செல்களே அரித்துக் கரைக்கின்றன. இதில் ஒரு விசித்திரம்: லேசாகப் புடைத்திருக்கும் டிஸ்க்கைவிட, நன்றாகப் பிதுங்கி வெளியே வந்த டிஸ்க்தான் அதிகம் சுருங்குகிறது. ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ரூஷன்' என்று பார்த்துவிட்டு அழுதபடி வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். இன்னொன்று, வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருக்கும். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

உங்களுக்கு முக்கியம், காலில் பலம் இருக்கிறதா என்பதுதான். வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தரையில் விழுகிறதா? உட்கார்ந்துகொண்டு இரண்டு கால் கட்டைவிரல்களையும் மேலே தூக்குங்கள், மனைவி கையால் அழுத்தட்டும். இடது விரல் மட்டும் சட்டென்று தளர்கிறதா? எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாக அழுத்தும் நரம்பு செய்யும் வேலைகள் இவை. பலம் குறைந்திருந்தால் இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, ஆசனவாயையும் தொடை இடுக்கையும் சுற்றி மரத்துப்போனாலோ விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உடனே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பலம் நன்றாக இருந்தால் அவசரமில்லை. நாள் முழுக்கப் படுத்தே இருக்காதீர்கள். வலி அனுமதிக்கும் அளவுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சிறிது தூரம் நடங்கள். அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் உங்களுக்கேற்ற பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்யுங்கள். பயிற்சியின்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றுவிட்டால், இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. வலி இன்னும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் தாங்காது.

கட்டிங் டேபிளில் எட்டிக் குனிந்து எதிர்ப்புறத் துணியை வெட்டுவதுதான் உங்கள் இடுப்புக்குப் பகை. சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று வெட்டுங்கள். டேபிள் தாழ்வாக இருந்தால் அதன் கால்களுக்கடியில் கட்டை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். துணி ரோலைக் கொஞ்ச நாளைக்குத் தனியாகத் தூக்க வேண்டாம்.

மூன்று மாதம் ஆகியும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அதுவும் பயப்படும் விஷயமல்ல. கடுமையான சயாடிகா (உங்களுக்கு இருப்பதுபோல் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) உள்ள 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில், காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்ட தரப்பும் அவர்களோடு சமமாக வந்துவிட்டது. இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள்.

உங்கள் மனைவிக்கு என் பதில் சற்று வேறு. கழுத்து நரம்பு அழுத்தி வலி கைக்கு இறங்கும்போது, பயிற்சியோடு சேர்த்து டிராக்‌ஷன் கொடுத்தால் சிலருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. 2014இல் அமெரிக்காவில் 86 பேரிடம் நடந்த ஆய்வும் அப்படித்தான் காட்டியது. அதற்குச் சாதாரண பிசியோதெரபி பிரிவில் இருக்கும் மெஷினே போதும், 70 ஆயிரம் தேவையில்லை. ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஊசியில் நூல் கோர்க்கவோ ஜாக்கெட் கொக்கி மாட்டவோ விரல்கள் தடுமாறுகின்றனவா? நடை தள்ளாடுகிறதா? அப்படியென்றால் தண்டுவடமே அழுந்தியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து நிபுணர் பார்க்கும் வரை யாரும் அவர் கழுத்தை இழுக்கவோ திருகவோ கூடாது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருந்தாலும் அப்படியே. எலும்பு வலுக்குறைவு, முறிவு, புற்றுநோய், கர்ப்பம், முதுகில் பிளேட் அல்லது ஸ்க்ரூ உள்ளவர்களுக்கும் இழுப்பு சிகிச்சை ஆகாது.

கிளினிக்கில் முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், முதல் சிட்டிங்குக்குப் போகும் முன்பே ரசீதைக் காட்டி எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள்.